மடித்தவர் கையொப்பம்

அறுபத்தொரு கிலோ.
முதல் நாள் நான் எழுதிய எடை அது.
ஈல்மோ ராஸ்திலா, பயிற்சி விமானி, வயது இருபத்திரண்டு.
தோள் வாரைக் கடைசிவரை இழுத்தும்
இரண்டு விரல் நுழைய இடமிருந்தது.
"சாப்பிடுவதில்லையா?" என்றேன்.
"பறக்கிறேன்" என்றான்,
ஏதோ அதுவே பதில் என்பதுபோல.

என் வேலை ஒரு நீள மேசை.
பட்டு என்று சொல்லிக்கொள்வோம்; நைலான்தான்.
ஒரு கயிறு புரண்டால் ஓர் ஆள்.
பாராசூட்டை மடித்து முடித்ததும் அட்டையில் தேதி,
அதன்கீழ் ஹில்க்கா தோர்வினென்.
அந்த அட்டையை யாரும் படிப்பதில்லை.
படிக்கும்படி ஆகிவிட்டால்
அன்று ஏதோ கெட்டது நடந்திருக்கிறது.

மார்ச் மாதம். ஏரி இன்னும் உறைந்தே கிடந்தது.
நாட் விமானத்தின் எஞ்சின்
பைன் மரங்களுக்கு மேலே இருமி நின்றது.
குதித்தான்.
பனியில் துளையிட்டுத் தூண்டில் போட்டிருந்த
கிழவர்கள் இருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு
மறுபடி துளையைப் பார்த்தார்களாம்.
மீன் அசைந்த நேரம் அது.

மாலையில் உலர்த்தும் கோபுரத்துக்கு வந்தான்,
ஒரு காலில் கட்டு,
கக்கத்தில் சுருட்டிய ஈரக் குடை.
இந்த மாதிரி நாளில் விமானிகள்
கொன்யாக் கொண்டுவருவது வழக்கம்.
இவன் குடையைப் பிரித்தான்.
உள்ளே மூன்று கிலோ ஹௌகி மீன்.
பட்டெல்லாம் செதில்.
"கிழவர்கள் கொடுத்தார்கள். வேறு எதில் சுற்றுவது?"
திட்டிக்கொண்டே கழுவினேன்.
"ஹில்க்கா என்பது நீங்களா?" என்று அவன் கேட்டது
தண்ணீர்ச் சத்தத்தில்
இரண்டாம் முறைதான் காதில் விழுந்தது.

அப்புறம் எல்லாம் எடைதான்.
கல்யாணத்துக்கு அடுத்த வருடம் அறுபத்தெட்டு.
சோவியத் நாட்டில் மிக் பழகித் திரும்பியபோது அறுபத்தைந்து;
முட்டைக்கோஸ், என்றான்.
படைப்பிரிவுத் தலைவராய் எழுபத்துநான்கு.
ஹெல்சிங்கியில் மூன்று வருடம் நாற்காலி வேலை: எண்பத்தொன்று.
பழைய தையலைப் பிரித்து வாரை நீட்டித் தைத்தேன்.
'அவன்' 'அவர்' ஆனது
எந்தத் தையலில் என்று நினைவில்லை.

பிறகு அந்த நவம்பர்.
லெப்டினன்ட் கௌக்கோ சல்மேலா,
ஃபூகா பயிற்சி விமானம்,
மேகம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்த காலை,
பாதி விரிந்த குடை.
விசாரணை மேசையில் என் அட்டை கிடந்தது.
என் கையெழுத்து இடப்பக்கம் சாய்வதை
அன்றுதான் கவனித்தேன்.

விசாரணைத் தலைவர் கர்னல் ராஸ்திலா.
முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:
எத்தனை மணிக்கு மடித்தீர்கள்,
முந்தின இரவு தூங்கினீர்களா,
பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தது யார்.
பதினோரு கேள்விகள்.
நல்ல மனிதர் என்று அன்று நான் நினைக்கவில்லை.

உயரம் போதவில்லை, குடையில் குற்றமில்லை
என்று அறிக்கை வர ஆறு வாரம் ஆனது.
அதுவரை விமானிகள் அலமாரியில்
என் பெயர் இல்லாத அட்டையைத் தேடினார்கள்,
மெல்ல, எனக்குக் கேட்காதபடி.
அட்டை புரளும் சத்தம் எனக்கா கேட்காது?
ஒரு விடியலில் கர்னலும் வந்தார்.
வரிசையில் முதலில் இருந்ததை எடுத்தார்,
மாட்டினார், போனார்.
அட்டையைத் திருப்பவேயில்லை.
அது என்னுடையதுதானா என்று
எனக்கும் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வான்படைத் தளபதி ஆனதைப் பத்திரிகையில் கண்டேன்.
படத்தில் இடத்தோள் சற்று இறங்கியிருந்தது,
ஏரியில் விழுந்த பக்கம்.
அதற்கென்று அந்த வாரை மட்டும்
எப்போதும் ஒரு விரல் தளர்த்தி வைப்பேன்.

ஓய்வுக்கு முந்தின வாரம், கடைசிப் பறத்தலுக்கு,
சடங்கு உடையிலேயே வந்து நின்றார்.
தராசில் ஏறச் சொன்னேன். விதி.
"எண்பத்தெட்டு."
"பதக்கங்களோடா?"
"பூட்ஸோடும்."
"அப்படியானால் எண்பத்தாறு என்று போடுங்கள், ஹில்க்கா."

எண்பத்தெட்டு என்றே எழுதினேன்.