23.84 கிராம்

ஆஸ்பத்திரி வீதி வங்கியில்
எங்கள் துண்டு முப்பத்தெட்டு.
கூப்பிட்டது பத்தொன்பதை.
கிணற்று மோட்டர் எரிந்துபோனதால்
அம்மாவின் சங்கிலி கைப்பைக்குள்.
நாளைக்கு விஞ்ஞானப் பரீட்சை என்பதால்
என் கொப்பி மடியில்.

எழுபத்தொன்பது புரோத்தன்.
நூற்றிப் பதினெட்டு நியூத்திரன்.
இரண்டு, எட்டு, பதினெட்டு,
முப்பத்திரண்டு, திரும்பப் பதினெட்டு,
கடைசிச் சக்திமட்டத்தில்
தனியே ஒன்று.
இருபதாம் மூலகத்துக்கு மேலே கேட்கமாட்டார்கள்
என்று நிதுர்சனா சொன்னவள்.
கேட்காவிட்டால் போகட்டும்.
இன்றைக்கு எனக்கு இது தேவை.

கரு ஒரு மிளகு என்று வை.
அதைப் பஸ் நிலையத்தின் நடுவில்,
கச்சான் விற்கிறவரின் வண்டியில் வை.
அணு என்பது
முழுப் பஸ் நிலையமும்.
பருத்தித்துறை பஸ், காரைநகர் பஸ்,
சில்லறைக்குச் சண்டை பிடிக்கும் கொண்டக்டர்,
மழைக்கு ஒதுங்கிய சனம்,
அந்த வண்டி,
எல்லாவற்றையும் எடுத்துவிடு.
மிச்சம் வெறும் வெளி.
அந்த வெளிக்குள் இலத்திரன்கள்
பாதை போட்டு ஓடவில்லை;
நான் கவராயத்தால் கீறிய வளையங்கள்
புள்ளி வாங்க உதவும், அவ்வளவுதான்.
இருக்கலாம் என்ற இடம் உண்டு.
இங்கேதான் என்ற இடம் இல்லை.

பாரம் முழுக்க அந்த மிளகில்.

ஆகவே நாங்கள் அடகு வைக்க வந்தது
பெரும்பாலும் ஒன்றுமில்லாததை.
அம்மாவிடம் சொன்னேன்.
"உதை அவையளிட்டைச் சொல்லிப்போடாதை"
என்றா.

அன்ரன் றெக்ஸ் என்று சட்டையில் பெயர் குத்தியவர்
சங்கிலியை உரைகல்லில் ஒரு இழு இழுத்தார்.
கறுப்பில் மஞ்சள் கோடு.
அமிலம் ஒரு துளி.
அந்தத் தனி இலத்திரனை
அமிலம் கேட்டுப் பார்த்திருக்கும்.
தங்கம் விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் வேறு கோடுகள்.
முப்பத்தேழாம் துண்டுக்காரரின் காப்பு,
நேற்று வந்த யாருடையதோ தோடு,
போன மாரியில் வந்த இதே சங்கிலி.
எது எவருடையது என்று
கல்லுக்குத் தெரியாது.
தங்கத்தில் சமதானிப் பேதம்கூட இல்லை,
மண்ணில் எடுப்பதெல்லாம் நூற்றித் தொண்ணூற்றேழு.
கலியாணம் பேச முதல் ஊர் விசாரிக்கிற ஒன்று
அந்தக் கல்லில் இல்லை.

தராசு 23.84 என்றது.
"வாங்கேக்கை இருபத்திநாலு,"
அம்மா பழைய பற்றுச்சீட்டை நீட்டினா.
"தேய்மானம், அம்மா."

தேய்மானம்.
கொப்பியின் கடைசிப் பக்கத்தில் போட்டேன்:
பூச்சியம் தசம் ஒன்று ஆறு.
இருபத்திரண்டு கரட், செம்பைக் கழி.
நூற்றித் தொண்ணூற்றேழால் பிரி.
அவகாதரோ எண்ணால் பெருக்கு.
நாலரை தர பத்தின் இருபதாம் அடுக்கு.
இத்தனை அணு
பதினெட்டு வருசத்தில்
கழுத்தை விட்டு இறங்கிப் போயிருக்கிறது.

சவர்க்கார நுரையோடு கொஞ்சம்.
வெங்காயம் கிண்டும்போது வியர்வையோடு கொஞ்சம்.
பல் முளைத்த காலத்தில்
நான் இழுத்துச் சப்பியது கொஞ்சம்.
ஒன்றும் அழியவில்லை.
கோண்டாவில் செம்மண்ணில்,
கிணற்றடி வாய்க்காலில்,
எழுபத்தொன்பதும் எழுபத்தொன்பதாகவே
கிடக்கிறது.
மோட்டர் பூட்டி
முதல் தண்ணீர் இறைக்கிறபோது
ஒரு சில கோடி மேலே வரலாம்.
ஆரும் நிறுக்கமாட்டார்கள்.

அம்மா மூன்று இடத்தில் கையெழுத்து வைத்தா.
வெளியே வந்து
சங்கிலி கிடந்த தடத்தை
விரலால் ஒருக்கால் தொட்டுப் பார்த்தா.
நான் பார்க்காத மாதிரி
மோட்டர்க் கடையைத் தேடினேன்.

பரீட்சையில் கேட்டது குளோரின்.
இரண்டு, எட்டு, ஏழு.
ஒரு நிமிசத்தில் எழுதி முடித்தேன்.
மிச்ச நேரத்தில்
வட்டி எவ்வளவு வரும் என்று
தாளின் ஓரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன்.