பை வைத்த நைட்டி

ஐந்து ரோட்டுக் கடையில் இரண்டாம் மாடி என்னுடையது.
என்னுடையது என்றால்,
காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பதரை வரை
நான் நிற்கும் இடம்.
ஆடித் தள்ளுபடி பேனர் ஜன்னலை மூடும்வரை
இங்கிருந்து ஏற்காடு மலை தெரிந்துகொண்டிருந்தது.

படியேறி வருகிறவர்கள்
பூவைப் பார்ப்பதில்லை, சாயம் போகுமா என்பதில்லை,
முதலில் இடுப்போரம் தடவிப் பார்க்கிறார்கள்.
"பை வச்சது இல்லையாம்மா?"
"இல்லைங்கக்கா."
செல்போனை எங்கே வைப்பது, சாவியை எங்கே,
பால்காரனுக்கான இருபது ரூபாயை
எவ்வளவு நேரம் கையிலேயே மடித்துக்கொண்டு நிற்பது?

லைன்மேடு மல்லேஸ்வரியக்கா மட்டும்
எழுதிப் போடுவார்.
கருத்துப் பெட்டியில் நூல் தொங்கும், பேனா தொங்காது.
என்னிடம் வாங்கி எழுதி, உள்ளே தள்ளி,
பெட்டியை ஒரு தட்டுத் தட்டுவார்.
கோயில் உண்டியலையாவது எப்போதாவது திறந்து எண்ணுவார்கள்.
இதன் சாவி
பழைய மேனேஜரோடு ஓசூர் போய்விட்டது.

புது மேனேஜர் தனசீலனிடம் நானே சொன்னேன்.
கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.
"பை வச்ச நைட்டி, மூணு வருஷ விற்பனை.
பாரு, பூஜ்யம்.
யாருக்கும் வேண்டாம்."

வாங்கியே வைக்காததை எப்படி சார்,
என்பது நாக்கு வரை வந்தது.
மாதக் கடைசி. விழுங்கினேன்.
நான் சொன்ன அத்தனை இல்லைங்கக்காவுக்கும்
பார்கோடு கிடையாது.

வாசலுக்கு எதிரே தள்ளுவண்டி குப்புராஜ்.
வெறுங்கையோடு இறங்கும் பெண்களிடம்
"என்னக்கா கெடைக்கல?" என்பான்.
அவ்வளவுதான்,
வேறெதையும் தலையில் கட்டப் பார்க்க மாட்டான்.
பத்தாம் நாள் வண்டியில் நைட்டி தொங்கியது.
வலப்பக்கம் பை. மணிக்கட்டுவரை இறங்கும் ஆழம்.
நாங்கள் தூக்கிப் போட்ட இல்லைகளை
அவன் கீழே நின்று பொறுக்கியிருக்கிறான்.
வேலை முடிந்து நானும் ஒன்று எடுத்தேன், மாம்பழ நிறத்தில்.

அப்போதுதான் கடைக்குக் காது கேட்டது.
முதலில் வண்டியை நகர்த்தச் சொன்னார்கள்.
பிறகு லிஃப்ட் அருகே பலகை வைத்தார்கள்:
நீங்கள் கேட்டீர்கள்.
நாங்கள் கேட்டோம்.

மல்லேஸ்வரியக்கா அதை வாய்விட்டுப் படித்தார்.
"என் சீட்டப் படிச்சிருக்காங்கடி!"
பத்தாம் வகுப்பில் தேறியவர் மாதிரி இருந்தது முகம்.
சாவி ஓசூரில் இருப்பதை நான் சொல்லவில்லை.

புது நைட்டியைப் பிரித்தோம்.
பைக்கு மூடி, மூடிக்குப் பித்தான்,
சுற்றிலும் லேஸ்.
கையை விட்டார். விரல் நுழையவில்லை.
நான் விட்டேன்.
நான்கு பக்கமும் தையல்.
சும்மா அழகுக்காம்.

"பேனா குடு."

இந்தமுறை இரண்டு பக்கமும் எழுதினார்.
பெட்டி நிறைந்து, சீட்டு பாதியில் நின்று,
திரும்பத் திரும்ப வெளியே வந்தது.
கடைசியில் என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

என் சீருடைச் சுடிதாரிலும் பை இல்லை.
அதைக் கையிலேயே மடித்துக்கொண்டு
ஒன்பதரை வரை நின்றேன்.