ஒன்பது நிமிடம்

கொழும்புக் கோச்சி போய்விட்டால்
எங்கள் ஸ்டேசனுக்கு அன்றிரவு வேறு வேலை இல்லை.
தண்டவாளத்தில் கடற்காற்று உப்புப் பூசிக்கொண்டிருக்கும்.
அதற்குப் பிறகுதான்
நான் ஐரோப்பாவை விரிப்பேன்,
சாப்பாட்டு மேசையில்,
மீன்குழம்புச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு.

பாசலில் இருந்து கொப்பன்ஹேகன்.
பெரியண்ணன் கோணலிங்கத்துக்குக் காதில் சத்திரசிகிச்சை,
பிளேன் கூடாது என்று டொக்டர் சொன்னாராம்.
போனில் தேடிப் பார்க்கக் கண்ணாடி சரியில்லையாம்.
மகனுக்கு நேரமில்லையாம்,
காசு கட்ட வங்கிக் காட் இலக்கம் மட்டும் தந்தான்.
அதனால்
கொழும்பைத் தாண்டி ஒரு மைல் போகாத நான்
ஜேர்மன்காரனின் நேரசூசியைப்
பாடமாக்கிக்கொண்டிருக்கிறேன்.

பாசலில் இரவு ஏறினால் விடிய ஹம்பேர்க்.
படுக்கை மேல்தட்டா, கீழ்தட்டா?
கீழ் என்றான். அடுத்த நாள் மேல் என்றான்.
பிறகு, "நீ என்ன சொல்லுறாய்?"
ஹம்பேர்க்கில் இறங்கி மாற
ஒன்பது நிமிடம்.

ஒன்பது நிமிடம்!
கல்ஓயாச் சந்தியில் நான் ஒருமுறை
மட்டக்களப்புக் கோச்சிக்கு
நாலரை மணித்தியாலம் குந்தியிருந்தவள்.
நுளம்பு. ஒரு பிளேன்ரீ.
திரும்பவும் அதே பிளேன்ரீக்காரன்.
ஒன்பது நிமிடத்தில் அங்கே
கழற்றிவிட்ட செருப்பைக்கூடத் தேடி எடுக்க ஏலாது.
பிந்திய கோச்சியைப் போட்டேன்.
இரண்டு மணித்தியாலம் சும்மா நிற்கட்டும், பரவாயில்லை.

முன்பு அந்த வழியில்
கோச்சியே கப்பலுக்குள் ஏறிக் கடல் கடக்குமாம்.
இப்போது இல்லை, தரையால் சுற்றிப் போகிறது.
வாசித்தபோது கிண்ணியா ஞாபகம் வந்தது,
பாலம் இல்லாத காலத்துப் பாதை,
பஸ்ஸும் நாங்களும் ஒன்றாய் மிதந்த அந்தப் பாதையில்
அண்ணன்மார் இருவரும்
ஒரு கச்சான் சரைக்கு அடிபட்டது.

அது சின்னது.
பெரியது உப்புவெளிக் காணி உறுதி.
ஏழு வருடம்.
இரண்டு பேரும் என்னோடு கதைப்பார்கள்,
ஞாயிறு ஒருவன், வியாழன் மற்றவன்.
நடுவில் நான் கல்ஓயாச் சந்தி.
இப்போது சின்னண்ணன் மகள் ஆர்த்திகாவுக்குக் கலியாணம்.
பெரியப்பாவுக்கு அழைப்பிதழ் அனுப்பியது அவள்தான்.
தகப்பன் இல்லை.

கோணண்ணன் கேட்டவை:
எல்லையில் பாஸ்போட் பார்ப்பாங்களோ,
சோறு கட்டிக்கொண்டு போனால் மணக்குமோ,
இருக்கை ஓட்டத்துக்கு முகமோ முதுகோ,
டென்மார்க்கில் யூரோ எடுப்பாங்களோ,
கக்கூஸ் எந்தப் பக்கம்.
எல்லாவற்றுக்கும் தேடிப் பதில் சொன்னேன்.
அவன் கேட்காத ஒன்றுக்கு
எந்த நேரசூசியிலும் நிரல் இல்லை.

வியாழன், யோகதாஸ் எடுத்தான்.
சொன்னேன், சனிக்கிழமை பின்னேரம் வந்து இறங்குவார் என்று.
அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம்.
"ம்" என்றான்.
திருமலையில் மழையோ என்றான்.
மீன் விலை கேட்டான்.
பாரை கிலோ இரண்டாயிரத்து நானூறு என்றேன்.
"அறா விலை" என்றான்.
வைக்கப்போகிறான் என்று நான் நினைத்த நேரம்,
"அந்தக் கோச்சி நல்ல நீளமெல்லோ,
எத்தினையாம் பெட்டி?"

எனக்குத் தெரியவில்லை.
தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை.
"பொறு" என்றேன், "வைச்சிடாத, பொறு."
ரிக்கற் படத்தைத் திறந்தேன்,
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.
வெளியே கோட்டை மான் ஒன்று
படலைக்குள் தலையை விட்டுக்
குப்பைப் பையை இழுத்துக்கொண்டிருந்தது.
துரத்தப் போகவில்லை.

அந்தப் பக்கம்
குழாயை மூடிவிட்டிருந்தான்.