இரண்டு தடவை அழுத்தணும்

தங்கச்சிமடத்தில் கொடியேறி எட்டாம் நாள்.
திருப்பலி முடிந்து, சப்பரம் சுற்றி வந்து
தூத்துக்குடிக் குழு மேடையேறும்போது மணி பத்தேகால்.

முன்வரிசைக்கு முண்டியடிக்கிறவள் இல்லை நான்.
இடப்பக்க ஸ்பீக்கரிலிருந்து பதினைந்தடி தள்ளி
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
போன வருஷமே குறித்து வைத்த இடம்.
அங்கேதான் பேஸ் கிட்டார் பிசிறில்லாமல் வரும்.

ஊர் வந்தது பாடகரைப் பார்க்க.
நான் இன்னாசிமுத்துவைக் கேட்க.
டிரம்ஸுக்குப் பின்னால், ஓரத்தில்,
போட்டோவில் எப்போதும் பாதி வெட்டுப்படுகிற ஆள்.
அவர் விரல் நின்றால் பாட்டு நிற்காது,
காலடி மணலை அலை உருவுகிற மாதிரி
லேசாகத் தடுமாறும், அவ்வளவுதான்.

ரெக்கார்டர், நண்டு கம்பெனியில் சீட்டு எடுத்த காசு.
கச்சான் காற்று மைக்கில் அறையாமலிருக்க
கிளாடிஸ் மகனின் காலுறையை அதன் தலையில் மாட்டியிருந்தேன்.
"பிள்ளைக்குக் குளிராதா?" என்றாள்.
எந்தப் பிள்ளையைச் சொன்னாள், கேட்கவில்லை.

எத்தனை சோப்புக்கும் போகாத நண்டு வாசத்தோடு
விரலை வைத்து அழுத்தினேன்.
சிவப்புப் பொட்டு மினுங்கியது.
மினுங்கினால் ஓடுகிறது என்று அர்த்தம்,
யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்தேன்.
எண்கள் ஓடுகின்றனவா என்று பார்க்க முடியாமல்
காலுறை மறைத்திருந்தது.

பிறகு மூன்று மணி நேரம்
நான் கைதட்டவில்லை.
கூடப் பாடவில்லை.
இருமலைத் துப்பட்டாவில் அமுக்கினேன்.
பின்னால் முறுக்குக் கடித்த பையனை
அவன் அம்மா எழுந்து வேறு இடம் போகும்வரை முறைத்தேன்.

பதினோராவது பாட்டு, இரண்டாம் சரணம்.
எப்போதும் கீழே இறங்குகிற இடத்தில்
இன்னாசிமுத்து மேலே ஏறினார்.
டிரம்ஸ்காரர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.
ஆயிரம் பேரில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.
மடியிலிருந்த கருவியைத் தொட்டுக்கொண்டேன்.
கிடைத்துவிட்டது.

மங்களம் பாடியதும் நிறுத்த அழுத்தினேன்.
பொட்டு மினுங்குவதை விட்டு
அசையாமல் நின்றது.
நின்றுவிட்டது என்று பைக்குள் போட்டேன்.

மறுநாள் மத்தியானம், ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால்,
காதில் மாட்டிக் கேட்டால்
நாற்காலி மேல் நாற்காலி அடுக்குகிறார்கள்.
ஜெனரேட்டர்.
பலூனுக்கு அழுகிற ஒரு குழந்தை.
"வண்டிச் சாவி உங்கிட்டயா?"
அப்புறம், யாரோ மாதிரி, என் குரல்:
"அண்ணே, பதினோராவது பாட்டுல மேல போனீங்களே..."

"அதுவா? தப்பு தங்கச்சி.
உப்புக் காத்துல கம்பி பிசுபிசுத்துக் கெடந்துச்சு,
வெரல் வழுக்கிருச்சு.
யாருக்கும் கேட்ருக்காதுன்னு நெனச்சேன்."
சிரிக்கிறார். உறையின் ஜிப் இழுபடுகிறது.
அதற்கு முன் கம்பியில் ஒரு தட்டு,
மின்சாரமில்லாத, கொசு அளவுச் சத்தம்.

பிறகு பாம்பன் பாலம்.
காலுறையாவது ஒன்றாவது,
இருபக்கக் கடலும் சேர்ந்து மைக்குக்குள் ஏறி உட்கார்ந்த இரைச்சல்.
தள்ளிவிடலாம் என்று நினைக்கும்போது
முன்னால் ஏதோ லாரி போயிருக்க வேண்டும்,
காற்று ஒடுங்குகிறது.
ஒன்பது விநாடி.
ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஒருத்தி
அந்தத் தப்பை முனகுகிறாள்,
சுருதி சேரவில்லை,
ஏறுகிற இடத்தில் மட்டும் சரியாக ஏறுகிறாள்.
"என்னடி, சாமி வந்துருச்சா?" என்கிறாள் கிளாடிஸ்.
லாரி விலக, மறுபடி கடல்,
பேட்டரி சாகும்வரை.

மணி அடித்துவிட்டது.
"மூணு எண்ணூறு, பொட்டை நண்டைத் தனியா வை!"
தராசுப் பக்கம் ஒரு காதைக் கொடுத்துவிட்டு
மற்றதில் அந்த ஒன்பதைத்
திரும்பப் போட்டேன்.
இதற்கு ஒரு தடவை அழுத்தினால் போதும்.