தெர்மாமீட்டர் அண்ணி

சேந்தனுக்குத் தெரியாது.
புது வீட்டிலிருந்து நாலாவது தெரு,
ஷெஃபீல்டின் மேடு ஏறி மூச்சு வாங்கும் இடத்தில்
மஞ்சள் விளக்கு, ‘நொண்டி நரி’ என்று பலகை.
நடந்தே போய்விடலாமே என்றுதான்
தன் பிறந்தநாளுக்குத் தானே மேசை பிடித்துவைத்தான்.

வாசலில் ரோஸ்மேரித் தொட்டி.
அதன் பின்னால், கண்ணாடிக் கதவில்,
பச்சைச் சீட்டு பாதி தெரிந்தது.
மறைந்த பாதியில் என்ன எண் என்று எனக்குத் தெரியும்.
ஐந்துக்கு இரண்டு.
மார்ச் பத்தொன்பது, செவ்வாய். போட்டவள் நான்.

“என்ன, குளிருதா?” என்றான்.
“ஒண்ணுமில்ல.”

உள்ளே நல்ல கூட்டம்.
கரும்பலகையில் கோணல் சாக்கட்டி எழுத்து:
ஆறு மணி நேரம் அடுப்பில் கிடந்த பன்றி வயிறு,
சாம்பலில் சுட்ட பீட்ரூட்,
எந்தப் பண்ணையில் மேய்ந்தது என்று ஊர்ப்பேரோடு ஆட்டுக்கறி.
பக்கத்து மேசையடியில் ஒரு வேட்டைநாய்,
யாரோ கழற்றிப் போட்ட நீளக் கோட்டைப்போல.
தெருவே இங்கேதான் இருந்தது. எல்லாருக்கும் பழகிய இடம்.
எனக்குப் பழகியது இதன் பின்கட்டு.

குளிர்பெட்டிக் கதவில் ரப்பர் கிழிந்த மூலை.
கை கழுவும் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த உருளைக்கிழங்கு.
கிரீம் கேக்குக்கு மேல்தட்டில், சொட்டச் சொட்ட, பச்சைக் கோழி.
வெட்டுப்பட்ட விரலில் சமையல்காரர் சுற்றியிருந்த
தோல்நிறப் பிளாஸ்திரி.
“சூப்பில் விழுந்தால் யாருக்குத் தெரியும்?
நீலம் வேண்டும். நீலத்தில் உணவே கிடையாது” என்று
நின்றபடி பாடம் நடத்தினேன்.
கிரெய்க் ஹோல்ராய்ட். ஐம்பது வயது இருக்கும்.
கையெழுத்துக் கேட்டபோது
பேனா மூடியைக் கழற்றாமலே
தாளில் இருமுறை தேய்த்தார்.

என்ன சாப்பிடுகிறாய் என்கிறான் சேந்தன்.
பதினாறு வருடப் பழக்கம்,
உணவுப்பட்டியல் என் கண்ணில் கடைசியாகத்தான் படும்.
முதலில் பரிமாறும் பெண்ணின் நகம்,
பிறகு அவள் இடுப்பில் செருகிய துணி,
அது மேசையைத் துடைத்ததா, கண்ணாடிக் கோப்பையையுமா.
கல்யாணப் பந்தியில்
சாம்பார் வாளியின் சூட்டைக் கண்ணாலேயே அளப்பவள்;
இவன் தங்கைகள் வைத்த பெயர்தான்
தலைப்பில் இருப்பது.

மீன் பை சொன்னேன்.

கொண்டுவந்தது அந்தப் பெண் இல்லை.
வெள்ளைக் குல்லாய், வெள்ளை மேலங்கி,
இரண்டு மேசைகளுக்கு நடுவே ஒருக்களித்து, கிரெய்க்.
“கவனம் மேடம், சூடு. எழுபத்தெட்டு டிகிரி.”
சேந்தன் சிரித்தான்,
இந்த ஊரில் இப்படியும் சொல்வார்களா என்று.
நான் சிரிக்கவில்லை. அவரும்.
தட்டை வைத்த பிறகும் விளிம்பிலேயே இருந்தது
அவர் சுட்டுவிரல்,
நீலப் பிளாஸ்திரியோடு.

“மறுபடி எப்ப வருவீங்க?”
“நான் வரமாட்டேன். வேற யாராவது. சொல்லாமத்தான் வருவாங்க.”
“அது தெரியும். சாப்பிட எப்ப வருவீங்கன்னு கேட்டேன்.”

பதில் வரவில்லை எனக்கு.
அவரும் நிற்கவில்லை; உள்ளே யாரோ மணி அடித்தார்கள்.

மேலோட்டை உடைத்தேன்.
ஆவி எழுந்து மூக்குக்கண்ணாடி மங்கியது.
நாய், விளக்கு, சேந்தன், எதிர்ச்சுவரின் ஈரத்திட்டு
(அதையும் பார்த்துத்தான் வைத்திருந்தேன்)
ஒன்றும் தெரியவில்லை.
குருட்டு வாக்கில் போன முதல் வாய்:
வெண்ணெய், லீக், புகையூட்டிய மீன்,
நடுவில் ஒரு முள்.
முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தேன்.

“தெரிஞ்சவரா?”
“வேலையில.”
அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.
வாசலைத் திரும்பிப் பார்த்தான், ரோஸ்மேரியைப் பார்த்தான்,
தன் பன்றிக்கறியைப் பார்த்தான்.
பிறகு கத்தியை எடுத்து வெட்டத் தொடங்கினான், பாவம்,
பசி.

“சரி, ஐந்துக்கு எத்தனை?”

என் வாய் நிறைந்திருந்தது.
அவன் தட்டிலிருந்து ஒரு உருளை வறுவலை எடுத்தேன்,
விரலாலேயே.
கை கழுவவில்லை என்பது
மூன்றாவதை எடுக்கும்போதுதான்
நினைவுக்கு வந்தது.