அலமாரி ஆறு, மூன்றாம் தட்டு

வெள்ளிக்கிழமைக்குள்
ஒவ்வொரு கிளை நூலகமும்
முகநூலில் பக்கம் தொடங்கியிருக்க வேண்டும்
என்றது சுற்றறிக்கை.

அருமனையிலிருந்து ஐந்தே முக்கால் பஸ்.
மார்த்தாண்டத்தில் மாறி நாகர்கோவில்.
மடியில் மகனின் பழைய போன்,
கண்ணாடியின் குறுக்கே ஒரு விரிசல்
குழித்துறை ஆறு வளைவதுபோல் வளைந்து.

பயிற்சி தந்த பையன் பெயர் அபிஷ்லின்.
"சத்தம் போடணும் மேடம்,
சத்தம் போட்டாத்தான் ஆள் வரும்."
இருபத்தாறு வருடத்தில்
நான் எழுதி ஒட்டிய ஒரே வாசகம்
அமைதி காக்கவும்.
நோட்டில் குறித்துக்கொண்டேன்: சத்தம்.

கடவுச்சொல் கேட்டது.
மரச்சீனி என்று அடித்தேன்.
பலவீனமானது என்றது.
மீன்கறியும் ஓர் எண்ணும் சேர்த்தேன்.
வலுவானது என்றது. சரிதான்.
(பிறகு மாற்றிவிட்டேன்.)

"வாசகர்களை டேக் பண்ணுங்க.
இன்னார் இந்தப் புத்தகம் எடுத்தாங்கன்னு
போட்டோவோட போடுங்க,
அவங்க ஆளுங்க எல்லாம் பாப்பாங்க."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

ஜீவனாம்சச் சட்டத்தைச்
சமையல் புத்தகத்துக்கு அடியில் வைத்து நீட்டும்
ஒரு கையை நான் அறிவேன்.
புற்றுநோய் பற்றிய மெலிந்த நூலை
மூன்று முறை புதுப்பித்து,
மனைவியை அடக்கம் செய்த பிறகு
நான்காம் முறையும் புதுப்பித்தவரை.
ரப்பர் வெட்டி முடித்துப்
பால் மணக்கும் விரலோடு வந்து
பத்தாம் வகுப்புக் கணக்கை
நின்றபடியே பார்த்துப் போகிறவரை.
யார் எதை எடுத்தார் என்று
வீட்டுக்காரரிடம்கூடப் பறைந்ததில்லை.
யாரும் சத்தியம் வாங்கவில்லை.
தேதித்தாள் ஒட்டி ஒட்டி
பசைபோல அதுவும் கையோடு ஒட்டிக்கொண்டது.

"அது வேண்டாம் தம்பி" என்றேன்.
"பின்ன எதைப் போடுவீங்க?"
தெரியவில்லை.

எங்கள் நூலகத்தில் சிக்னல்
தெற்கு ஜன்னலில் மட்டும்,
அதுவும் பக்கத்து வீட்டு ரப்பர் ஷீட்
காய்கிற வாடையோடு.
முதல் பதிவு என் கட்டைவிரல். தவறுதலாக.
பதினொரு பேருக்குப் பிடித்திருந்தது.
'என்னவாக்கும் இது?' என்று கேட்டிருந்தாள்
குவைத்திலிருந்து நாத்தனார் ஜெபசெல்வி.
கேள்விக்குப் பதில் எழுதும் இடத்தைக் கண்டுபிடிக்க
ஒரு மத்தியானம் போனது.

வெள்ளி மாலை நாலரை.
வேறு வழியில்லாமல் அலமாரிகளைச் சுற்றினேன்.
ஆறாவதில், மூன்றாம் தட்டில்,
ஒரு புத்தகம் எடுபட்ட இடம்.
அடைமழை ஈரத்தில் உப்பி
இருபுறமும் சாயாமல் நின்றன மற்றவை.
உள்ளே இருட்டு.
தூசிக்கு நடுவே
நீள்சதுரமாய் ஒரு சுத்தம்.

படமெடுத்தேன்.
ஓரத்தை வெட்ட அபிஷ்லின் கற்றுத் தந்திருந்தான்;
பக்கத்துப் புத்தகங்களின் பெயர் விழாமல் வெட்டினேன்.
செல்லரித்த பலகை மூலை மட்டும் மிஞ்சியது.
எழுதினேன்:
இங்கே இருந்தது வெளியே போயிருக்கிறது.
யாரோ வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

திங்களன்று அதிகாரி அழைத்தார்.
"புத்தகம் எங்கம்மா? வெறும் பலகையைப் போட்டிருக்கீங்க."
"வாசிக்கப் போயிருக்கு சார்."
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
மின்விசிறி மட்டும் கேட்டது.

செவ்வாய் மழையில் அவள் வந்தாள்.
குடையை வாசலில் மடக்கி,
மேலே சமையல், கீழே அது,
மேசையில் வைத்தாள்.
"போன்ல பாத்தேன். அந்தப் பலகை மூலை நான் அறியும்.
நான் எடுத்ததாக்கும், இல்லியா?"
"தெரியாதே" என்றேன்.
என் முகத்தையே பார்த்தாள்.
பிறகு, சிரிப்பு மாதிரி ஏதோ.
"இன்னும் பதினாலு நாள் வேணும்."
தேதியைத் திருகி வைத்துக் குத்தினேன்,
இரண்டிலும்.

நாற்பத்து மூன்று பேர் என்கிறது போன்.
தொட்டால் பெயர்கள் திறக்குமாம்.
தொடவில்லை.
சார்ஜ் நாலு சதவீதம்,
கரண்ட் வேறு போய்விட்டது.