பெயர் எழுதாத நீலம்

ஷார்ஜா, ஏழாம் வகுப்பு பி.
சார்ட்டில் கடலுக்கு வண்ணம் தீட்டியாயிற்று.
பெயர் எழுதப்போன மார்க்கர்
பாதியில் நிற்கிறது.

பாரசீகம் என்கிறாள் பரீசா.
அரபு என்கிறான் ஹுமைத்.
இருவரும் என்னைப் பார்க்கிறார்கள்.

"அவள் சொன்னதை நீ சொல்.
ஆமாம் என்று அவள் தலையசைத்த பிறகு
உன் வாதம்."

சொன்னான். இல்லை என்றாள்.
மறுபடி. பாதிதான் என்றாள்.
மூன்றாம் முறை குரல் இறங்கிற்று:
"உன் அம்மா ஊரில்
அதற்கு வேறு பெயரே கிடையாது."
தலை அசைந்தது.

இனி அவள் முறை. மணி அடித்துவிட்டது.

அதுவரை வாய் திறக்காத மன்னார்ப் பையன் ரெக்சன்:
"அப்பா அங்கே மண் தோண்டுகிற கப்பலில், மிஸ்.
வீட்டில் நாங்கள் டியூட்டி என்போம்."

காயாத கடலை
ஆளுக்கொரு முனை பிடித்துத்
தூக்கிப் போகிறார்கள்,
சாய்க்காதே, சாய்க்காதேயென்று
ஒருவரையொருவர் திட்டியபடி.